டிரவுட் மீனும் என் கையெழுத்தும்

போன மாதம் கோவையிலிருந்து மச்சான் போன் பண்ணினான். மனைவியின் தம்பி. நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தபிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, ஊட்டிப் பக்கம் ரெண்டு ஏக்கர் லீசுக்கு வருது. கூடவே ஓடை ஒண்ணு போகுது. டிரவுட் மீன் வளர்க்கலாம்னு ஒரு யோசனை. டெல்லில ஓட்டலுக்கெல்லாம் நல்ல விலைக்குப் போகுதாமே? யூட்யூப்ல பாத்தேன். நீங்க குலுவுலதான இருந்தீங்க, லோன் எல்லாம் குடுத்திருப்பீங்களே?"

கொடுத்திருக்கிறேன். அதனால்தான் அவனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை பேசறேன்டா" என்று வைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குலு, மணாலி டூர் போன நம்மவர்கள் பலர் இந்த மீனைச் சாப்பிட்டிருப்பீர்கள். ரோட்டோரத்தில் "தந்தூரி டிரவுட்" என்று போர்டு தொங்கும். கெண்டை அளவுக்கு முள் தொல்லை இல்லை, ஆனாலும் குழந்தைகளுக்கு முள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். (ஆனால் தயவுசெய்து புளி ஊற்றிக் குழம்பு வைக்காதீர்கள். என் வீட்டம்மா ஒருமுறை வைத்தாள். சட்டியில் மீனைத் தேட வேண்டியதாயிற்று.)

இது நம் நாட்டு மீன் இல்லை. ரெயின்போ டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்து ஆறுகளிலிருந்து வந்தது, பிரவுன் டிரவுட் ஐரோப்பாவிலிருந்து. தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். காஷ்மீரில் கம்பளத் தொழில் நடத்திய மிட்செல் என்பவர் முயற்சி எடுத்து, 1899இல் வந்த முட்டைகள் வழியிலேயே செத்துப்போய், 1900இல் மறுபடி வரவழைத்துப் பொரிக்க வைத்தார். அங்கிருந்து 1909 வாக்கில் குலு பள்ளத்தாக்குக்கு வந்தது. நம்ம நீலகிரிக்கும் இதில் பங்கு உண்டு. 1860களில் பிரான்சிஸ் டே முயன்று பலிக்கவில்லை. 1907இல் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஆரம்பித்த பிறகுதான் காலூன்றியது. ஆக, மச்சான் சொல்வது ஒன்றும் கிறுக்குத்தனமான யோசனை இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே இருக்கிற மீன்தான்.

தூண்டில் மீனாக இருந்ததைப் பண்ணை மீனாக மாற்றியது பிற்பாடு நடந்த கதை. காஷ்மீரில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு கோக்கர்நாக்கில் 1984இல் பெரிய பண்ணை வந்தது. இமாச்சலத்தில் குலுவுக்கும் மணாலிக்கும் நடுவே பத்லிகுல்லில் நார்வே உதவியோடு 1989 முதல் 91 வரை ஒரு திட்டம் நடந்தது. தீவனம், முட்டை எடுப்பது, தொட்டி முறை எல்லாம் அதில்தான் கற்றுக்கொண்டார்கள். பிறகு மெள்ள மெள்ள விவசாயிகள் கைக்கு வந்தது. 2020இல் பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா வந்தவுடன் வேகம் பிடித்தது. எங்கள் கிளைக்கு வாரம் ஒருவராவது ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு வந்து நிற்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அந்த ரிப்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தொழில் அது.

டிரவுட்டைக் குளத்தில் வளர்ப்பதில்லை. 'ரேஸ்வே' என்று நீளமான சிமெண்ட் தொட்டி கட்டுவார்கள். பதினேழு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 50 கன மீட்டர். ஒரு பக்கம் ஓடைத் தண்ணீர் நுழைந்து மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கும். திட்டத்தில் ஒரு தொட்டிக்கு 3 லட்சம், குஞ்சு, தீவனம் போன்ற உள்ளீட்டுக்கு 2.5 லட்சம் என்று மதிப்பு. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம் மானியம், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 60 சதவீதம். ஒரு தொட்டியில் வருஷத்துக்குச் சுமார் ஒரு டன் மீன் எடுக்கலாம் என்பது எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்கும் வரி. பண்ணை விலை கிலோ ஐநூறுக்கு முன்பின்.

பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு தேன் மாதிரி. இரண்டு தொட்டிக்கு வேண்டிய இடம் இரண்டு சென்ட்கூட இல்லை. ஆப்பிள் கன்று நட்டால் காய்க்கப் பல வருஷம். டிரவுட் ஒரு வருஷம் சொச்சத்தில் கால் கிலோ எடைக்கு வந்து விற்பனைக்குத் தயாராகிவிடும். பையன்கள் சண்டிகருக்கும் டெல்லிக்கும் செக்யூரிட்டி வேலைக்குப் போகாமல் ஊரிலேயே இருக்க இது ஒரு வழி. இதைக் கிண்டல் பண்ணுகிறவன் மலைக்கிராமத்தில் ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தவனாக இருக்க மாட்டான்.

2021 செப்டம்பரில் ஒரு தம்பதி வந்தார்கள். ஆப்பிள் தோட்டம் கொஞ்சம், அது பூச்சி விழுந்து சோர்ந்துபோயிருந்தது. மனைவி பெயரில் விண்ணப்பம். இரண்டு தொட்டி. மொத்தம் 11 லட்சம், மானியம் 6.6 லட்சம், மீதி 4.4 லட்சம். காகிதத்தில் அவ்வளவுதான். சிமெண்டும் மணலும் கோவேறு கழுதை முதுகில் மேலே ஏறிய பிறகு உண்மைக் கணக்கு வேறு, அது தனிக்கதை. மானியம் வேலை முடிய முடியத்தான் வரும் என்பதால் அதுவரை தாங்கவும் பணம் வேண்டும். டெர்ம் லோனும் தீவனத்துக்கு மீன் வளர்ப்பு கே.சி.சி.யும் சேர்த்துப் போட்டோம். கையெழுத்து என்னுடையது.

கையெழுத்துக்கு முன்னால் சைட் இன்ஸ்பெக்ஷன் போனேன். அந்தப் பெரியவர் "ஆயியே மேனேஜர் சாப்" என்று வால்நட் கொடுத்து, மேலே கூட்டிக்கொண்டு போனார். டேப் வைத்து இடத்தை அளந்தேன். பட்டா நகல் பார்த்தேன். மொபைலில் படம் எடுத்தேன். பக்கத்தில் நாலா சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. 'தண்ணீர் ஆதாரம்: வற்றாத ஓடை' என்று படிவத்தில் எழுதினேன்.

செப்டம்பர் மாதம். மழைக்காலம் முடிந்து பத்துப் பதினைந்து நாள். அப்போது இமயமலையில் எந்த ஓடைதான் ஓடாது?

இதுதான் நான் இந்தப் பதிவில் சொல்ல வந்த விஷயம். டிரவுட் வளர்ப்பில் சொத்து என்பது சிமெண்ட் தொட்டி இல்லை, அதற்குள் ஓடுகிற குளிர்ந்த தண்ணீர். ஆனால் அரசாங்கம் மானியம் கொடுப்பது சிமெண்டுக்கு. வங்கி கடன் கொடுப்பதும் சிமெண்டுக்கு. தண்ணீரை அளந்து பார்த்தவர் யாருமில்லை. நான் அளக்கவில்லை.

சும்மா ஒரு கணக்குப் போடுங்கள். 50 கன மீட்டர் என்றால் 50,000 லிட்டர். மணிக்கு ஒருமுறை தண்ணீர் முழுக்க மாற வேண்டும் என்றால் விநாடிக்குச் சுமார் 14 லிட்டர். இரண்டு தொட்டிக்கு 28 லிட்டர். பகலும் இரவும், ஜனவரியில் மேலே எல்லாம் உறைந்து ஓடை நூலாக இளைத்திருக்கும்போதும், மே மாதம் எல்லோரும் வாய்க்காலைத் தங்கள் தோட்டத்துக்குத் திருப்பும்போதும். அந்த ஊரில் வாய்க்காலுக்குக் 'கூல்' என்று பெயர். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கிராமத்துக்குள் முறை இருக்கும். அதில் மீன்தொட்டிக்கு முறை கிடையாது. மீனோ முறை வரும்வரை காத்திருக்காது.

அடுத்தது வெப்பம். ரெயின்போ டிரவுட்டுக்குப் பதினைந்து டிகிரிக்கு முன்பின் இருந்தால் சுகம். இருபதைத் தாண்டினால் தீவனம் எடுக்காது, நோய் வரும். இருபத்தைந்தை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. காரணம் எளிது. கடல்மட்டத்தில் பத்து டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும். இருபது டிகிரி ஆனால் சுமார் 9தான். மலை உயரத்தில் அதிலும் குறைவு. சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது, அதே சமயம் மீனுக்குத் தேவை கூடுகிறது. இரண்டு பக்கமும் கத்தி. தண்ணீர் வரத்தும் குறைந்தால் ஒரே ராத்திரியில் தொட்டி காலியாகலாம்.

2022 மார்ச், ஏப்ரலில் வட இந்தியா முழுக்க அடித்த வெயில் உங்களில் டெல்லி, சண்டிகர் ஆட்களுக்கு நினைவிருக்கும். மே மாதம் ஒரு நாள் அந்தப் பெரியவர் கிளைக்கு வந்தார். கையில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் நாலைந்து மீன், வாயைத் திறந்தபடி. "சாப், மேலே புதுசா ரெண்டு பேர் தொட்டி போட்டிருக்காங்க. அவங்க தொட்டியில ஓடி வந்த தண்ணிதான் எனக்கு வருது" என்றார். புகாராகக்கூடச் சொல்லவில்லை, தகவல் சொல்வது போலச் சொன்னார். மேலே இருக்கிற தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே செலவாகியிருக்கும். கழிவும், தின்னாத தீவனமும், அம்மோனியாவும் கலந்திருக்கும். மேலே இருந்த அந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கடன் கொடுத்தது யார் என்று கேட்கிறீர்களா? நாங்கள்தான். அந்தக் காகிதத்திலும் 'வற்றாத ஓடை' என்றுதான் இருக்கிறது. அதே ஓடை.

ஒரு கடையின் பெயரில் இரண்டு பேர் ஸ்டாக் அடமானம் காட்டினால் நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். ஒரே ஓடையை மூன்று பேர் காட்டினபோது எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றில் ஒரு பங்கு மீன் போயிற்று. அவர் சமாளித்தார். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. அடுத்த வருஷம் நன்றாக வந்தது. 2023 ஜூனில் போனபோது எனக்குப் பொரித்த மீன் வைத்தார்கள், ஜூலை கடைசியில் பிடிக்கலாம் என்று சொன்னார்கள்.

ஜூலை 9, 10 தேதிகளில் பியாஸில் வந்த வெள்ளம் டி.வி.யில் நீங்கள் பார்த்ததுதான். ரோடும் பாலமும் வீடும் போயின. ஆற்றோரத்திலும் நாலா ஓரத்திலும் இருந்த டிரவுட் பண்ணைகள் பல போயின. இவருடையது முழுக்கப் போகவில்லை. ஒரு தொட்டி நின்றது, உள்ளே கழுத்தளவு கல்லும் மண்ணும். மீன் ஒன்றுகூட இல்லை. ஆகஸ்டில் மாநிலம் முழுவதையும் இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்டதாக அறிவித்தார்கள், அதன் பேரில் கடனை மறுசீரமைத்தோம். மறுசீரமைப்பு என்றால் தள்ளுபடி என்று நினைத்துவிடாதீர்கள். கட்ட வேண்டியதைத் தள்ளிக் கட்டலாம், அவ்வளவே. இன்சூரன்ஸ் இல்லை. தொட்டிக்கும் இல்லை, மீனுக்கும் இல்லை. நானும் கேட்டு வாங்கச் சொல்லவில்லை.

வெள்ளத்துக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். 2022 மே மாதத்துக்கு?

இப்போது சிலர் சொல்வார்கள், இதெல்லாம் ஒரு பள்ளத்தாக்கின் துரதிர்ஷ்டம், திட்டத்தின் தவறு அல்ல என்று. அப்படியானால் 2025 பிப்ரவரியில் காஷ்மீரின் அச்சபல் ஊற்று வறண்டதை என்ன சொல்வது? மொகலாயர்கள் தோட்டம் போட்ட ஊற்று அது. பனி சரியாக விழாத ஒரு குளிர்காலம் போதுமாக இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மணாலி ரோட்டை பியாஸ் மறுபடி அடித்துக்கொண்டு போனது. ஒரு பக்கம் தண்ணீர் இல்லை, இன்னொரு பக்கம் தாங்க முடியாத தண்ணீர். இரண்டுக்கும் நடுவே நாம் சிமெண்ட் தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

டிரவுட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கையை வைத்துப் பெருமைப்படுகிறோமே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனை தொட்டி கட்டினோம் என்று மாதாந்திரக் கூட்டத்தில் கேட்கிறார்கள். ஒரு ஓடை எத்தனை தொட்டியைத் தாங்கும் என்று நான் உட்கார்ந்த ஒரு கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. கடன் கொடுப்பதற்கு முன் ஒரு வருஷம், வேண்டாம், ஜனவரியிலும் மே, ஜூனிலும் மட்டுமாவது தண்ணீர் வரத்தையும் வெப்பத்தையும் அளந்து எழுதிய ஒரு நோட்டு வேண்டும் என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய். வரத்தை அளக்க ஒரு பெரிய டிரம்மும் கைக்கடிகாரமும் போதும். சொத்துக்கு முப்பது வருஷ வில்லங்கம் பார்க்கிற நாங்கள் தண்ணீருக்கு ஆறு மாத வில்லங்கம் பார்க்கக் கூடாதா?

மேலே யார் இருக்கிறார்கள், கீழே யார் இருக்கிறார்கள் என்று ஓடைவாரியாக ஒரு பதிவேடு மீன்வளத் துறையிடம் இருந்து, அதை வங்கிகளும் பார்க்க முடிந்தால் பாதி வம்பு தீரும். மூன்றாவது ஆளுக்கு 'இந்த ஓடை நிரம்பிவிட்டது' என்று சொல்லத் துணிவு வேண்டும். அவனுக்கு வேறு வேலை இருக்கிறது. தீவனமும் ஐஸும் விற்பனையும்தான் இன்றைக்கு எல்லோருக்கும் தலைவலி. டிரவுட்டின் தீவனத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும், அதற்கு மீன்தூள் வேண்டும். கடற்கரையில் மத்தி போன்ற மீன்களை அரைத்து, மூட்டை கட்டி, மலைக்கு ஏற்றி, இன்னொரு மீனுக்குப் போடுகிறோம் (யோசித்தால் கொஞ்சம் விநோதம்தான்). செலவில் பெரும்பங்கு அதுதான். மீனைப் பிடித்தால் ஐஸில் வைத்து டெல்லி போய்ச் சேர வேண்டும், அதுவும் ரோடு இருந்தால். பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஐஸ் பிளான்ட்டும் ஒரு வண்டியும் வைத்தால் பதினோராவது தொட்டியைவிடப் பிரயோஜனம்.

இன்சூரன்ஸுக்கு இப்போது கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற மத்ஸ்ய கிசான் சம்ரிதி சஹ்-யோஜனாவில் மீன் வளர்ப்புக் காப்பீட்டுக்கு பிரீமியத்தில் 40 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, ரேஸ்வேயும் அதில் அடக்கம். ஆனால் மலையில் வால்நட் கொடுத்து உபசரிக்கிற மனுஷருக்கு இந்தப் பெயரை உச்சரிக்கவே ஒரு நாள் ஆகும். அவருக்குச் சொல்ல வேண்டியவன் கடன் கொடுக்கிற அதிகாரி. காப்பீடு இல்லாமல் கையெழுத்து இல்லை என்று அவன் பிடிவாதம் பிடிக்கலாம். நான் பிடித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்குப் போன் போட்டேன். லீஸ் பத்திரத்தில் ஓடை இருக்கிறதா, நிலம் மட்டும்தானா என்று கேட்டேன். "நெலம்தான் மாமா, ஓட சும்மா பக்கத்துல போகுது" என்றான். அந்த ஓடையை எந்த மாசம் பார்த்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நவம்பர்ல மாமா. நல்ல மழ அப்ப."

"சரி. ஒரு தெர்மாமீட்டர் வாங்கு. நோட்டு ஒண்ணு போடு. மார்ச்சுலேர்ந்து மே முடிய வாரத்துக்கு ஒரு தடவ மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய்ப் பாரு. மேல யாரெல்லாம் தண்ணி எடுக்கறாங்க, காய்கறித் தோட்டத்துக்கு மருந்து அடிக்கறாங்களான்னு நடந்து போய்ப் பாத்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

"என்ன மாமா, லோன் கேட்டா தண்ணிய அளக்கச் சொல்றீங்க" என்று சிரித்தான். அக்காவிடம் போய் நான் தட்டிக்கழிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். வீட்டில் இரண்டு நாள் மௌனம் :-)

அந்தக் குலு பெரியவரோடு இப்போதும் பேசுவதுண்டு. நான் சண்டிகர் வந்துவிட்டேன், கணக்கு வேறொரு அதிகாரியின் கையில் இருக்கிறது. நின்ற தொட்டியைச் சுத்தம் பண்ணிப் பாதி அளவுக்கு மட்டும் குஞ்சு விட்டிருக்கிறார். இன்னொரு தொட்டி இருந்த இடத்தில் இப்போது நாலா ஓடுகிறது. போன வாரம் பேசும்போது தண்ணீர் பதினான்கு டிகிரி என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் மாற்றலாகி வரும்போது கொடுத்துவிட்டு வந்த தெர்மாமீட்டரைத் தொட்டி ஓரத்தில் கயிறு கட்டித் தொங்க விட்டிருக்கிறாராம். அடுத்த தவணை நவம்பரில்.